ட்யூபிங்கன் பழைய ஊரைச் சுற்றிப் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் தென்மேற்கில், ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கிறது ட்யூபிங்கன். ஏறக்குறைய 90,000 பேர் வசிக்கும் ஊர். பல்கலைக்கழகத்தில் மட்டும் 25,000-க்கு மேல் மாணவர்கள். இங்கே வந்து சில வருஷங்கள் ஆகின்றன. ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களும் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலைக்கு வந்த நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டைத்தண்ணி மிச்சம்.

ஹைடல்பெர்க் இருக்கும்போது ட்யூபிங்கனுக்கு எதற்கு வர வேண்டும்?

ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் 1386-ல் தொடங்கியது, இது 1477-ல். வயதில் அதுதான் மூத்தது. மலைமேல் இடிந்து நிற்கும் அந்த அரண்மனையின் அழகும் இங்கே கிடையாது. படம் எடுக்க ஒரே ஊர்தான் போக முடியும் என்றால் ஹைடல்பெர்க்குக்கே போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ட்யூபிங்கனில் பார்க்க வேண்டியவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். கோட்டைக்குள் ஒரு சமையலறை. ஆற்றோரம் ஒரு தச்சர் வீட்டு அறை. சந்தில் ஒரு சுவரில் மாட்டிய பலகை. பின்னால் இருக்கும் கதை தெரியாமல் நடந்தால் முக்கால் மணி நேரத்தில் ஊர் முடிந்துபோய், ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ரயிலேற வேண்டியதுதான். தெரிந்து நடந்தால் ஒரு நாள் போதாது.

எப்படி வருவது?

ஸ்டுட்கார்ட் முதன்மை ரயில் நிலையத்திலிருந்து நேர் ரயில் உண்டு. வண்டியைப் பொறுத்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். ஸ்டுட்கார்ட் விமான நிலையத்திலிருந்து நேராகப் பேருந்தும் இருக்கிறது. ட்யூபிங்கன் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிஷம் நடந்தால் எபர்ஹார்ட் பாலம், அதைத் தாண்டினால் பழைய ஊர். கார் வேண்டாம். பழைய ஊருக்குள் பெரும்பாலான சந்துகளில் ஓட்ட முடியாது, நிறுத்தவும் இடம் கிடைக்காது.

பாலத்தில் எல்லோரும் நின்று எதைப் படம் எடுக்கிறார்கள்?

ஆற்றைப் பார்த்தபடி தோளோடு தோள் ஒட்டி நிற்கும் பழைய வீடுகளை. மஞ்சள், இளஞ்சிவப்பு, வெளிர்நீலம் என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். அடியில் ஊர்ச் சுவர், அதன் மேல் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் மாணவர்கள். இரண்டாம் உலகப் போரில் இந்த ஊர்மீது குண்டுகள் மிகக் குறைவாகத்தான் விழுந்தன. அதனால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் போருக்குப் பிறகு திரும்பக் கட்டியது அல்ல, பழையதே.

பாலத்தின் நடுவிலிருந்து படியிறங்கினால் ஆற்றின் நடுவில் நீளமான ஒரு தீவு. இருபுறமும் பிளாட்டான் மரங்கள் வரிசையாக நிற்கும். அங்கிருந்து பார்த்தால் வீடுகள் இன்னும் நன்றாகத் தெரியும், கூட்டமும் குறைவு.

அந்த மஞ்சள் கோபுரம் என்ன?

ஹோல்டர்லின் கோபுரம். ஃப்ரீட்ரிஷ் ஹோல்டர்லின் ஜெர்மன் மொழியின் பெருங்கவிஞர்களில் ஒருவர். 1806-ல் மனநிலை பாதிக்கப்பட்டு, கட்டாயமாக இந்த ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். மருத்துவமனை இருந்த கட்டடம் புர்ஸே, கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். 231 நாள் வைத்திருந்துவிட்டு, இனிக் குணமாகாது, அதிகம் போனால் மூன்று வருஷம் இருப்பார் என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள்.

அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் எர்ன்ஸ்ட் ஸிம்மர் என்ற தச்சர். உறவுக்காரர் இல்லை, பணக்காரரும் இல்லை. கவிஞரின் நாவலைப் படித்திருந்தார், பிடித்திருந்தது, அவ்வளவுதான். மூன்று வருஷம் என்று நாள் குறிக்கப்பட்டவர் அந்த வீட்டில் 1807 முதல் 1843 வரை 36 வருஷம் இருந்தார். தச்சர் 1838-ல் இறந்த பிறகு அவருடைய மகள் லோட்டே பார்த்துக்கொண்டார். ஹோல்டர்லின் பியானோ வாசித்தார். யாராவது பார்க்க வந்து கவிதை கேட்டால் நின்றபடி எழுதிக் கொடுத்தார். கீழே 'ஸ்கார்டனெல்லி' என்று வேறு பெயரில் கையெழுத்துப் போட்டு, ஏதோ ஒரு நூற்றாண்டின் தேதியையும் எழுதிவிடுவார்.

இப்போது நிற்கும் கோபுரம் 1875-ல் தீப்பிடித்த பிறகு திரும்பக் கட்டியது. அவர் தொட்ட சுவர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஓடும் ஆறு அதே ஆறு. உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது. ஜெர்மன் தெரியாதவர்கள்கூட ஜன்னலோரம் பத்து நிமிஷம் நிற்கலாம். ஊருக்கு வந்திருந்த என் அப்பா கவிஞரை விட்டுவிட்டு, "அந்த ஆசாரிக்குச் சிலை வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டார்.

கோட்டைக்கு ஏற வேண்டுமா? உள்ளே என்ன இருக்கிறது?

கட்டாயம் ஏறுங்கள். ஹோஹன்ட்யூபிங்கன் கோட்டை ஊருக்கு மேலே இருக்கிறது. வழி குறுகலான கருங்கல் பாவிய ஏற்றம், பத்து நிமிஷம். 1600-களின் தொடக்கத்தில் கட்டிய வாசல், போரில் வென்றவருக்கு எழுப்பும் வளைவைப்போல ஏகப்பட்ட சிற்பங்களோடு நிற்கும். முற்றத்துக்குப் போகக் கட்டணம் இல்லை.

பார்க்க வேண்டியவற்றில் முதலாவது, கட்டைவிரல் நீளமே உள்ள ஒரு குதிரை. மம்மத் யானைத் தந்தத்தில் செதுக்கியது, 4.8 சென்டிமீட்டர். 1931-ல் ஃபோகல்ஹெர்ட் குகையில் கிடைத்தது, வயது 35,000 முதல் 40,000 ஆண்டு என்கிறார்கள். மனிதன் செய்த சிற்பங்களில் இதுவரை கிடைத்த மிகப் பழையவற்றில் ஒன்று. இப்படிப்பட்டவை கிடைத்த அந்த வட்டாரக் குகைகளை யுனெஸ்கோ 2017-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. குதிரையின் கழுத்து வளைவைப் பாருங்கள். செய்தவருக்கு இன்றைக்கும் நல்ல சம்பளத்தில் வேலை கிடைக்கும்.

இரண்டாவது, சமையலறை. அதற்குத் தனிக் கேள்வியே வரும்.

கோட்டையின் நிலவறையில் 1540-களில் செய்த ஒரு ராட்சதத் திராட்சை மது பீப்பாயும் இருக்கிறது. 84,000 லிட்டர் பிடிக்குமாம். அங்கே வௌவால்கள் குடியிருப்பதால் சாதாரணமாக உள்ளே விடுவதில்லை.

டிஎன்ஏவைக் கண்டுபிடித்தது இங்கேதானா?

ஆமாம், அந்தச் சமையலறையில்தான். பின்னாளில் கோட்டையைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. பழைய சமையல்கட்டை ஆய்வகமாக மாற்றினார்கள். 1860-களில் அதற்குத் தலைவராக இருந்தவர் ஃபெலிக்ஸ் ஹோப்பே-சைலர். ரத்தத்தின் சிவப்புப் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

அவரிடம் சேர்ந்த ஃப்ரீட்ரிஷ் மீஷர் சுவிட்சர்லாந்துக்காரர், மருத்துவம் படித்தவர். காது சரியாகக் கேட்காததால் நோயாளிகளைப் பார்க்கும் வேலை வேண்டாம் என்று ஆராய்ச்சிக்கு வந்தார். அவருக்கு வெள்ளை அணுக்கள் ஏராளமாகத் தேவைப்பட்டன. பக்கத்து அறுவைசிகிச்சை மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டிக் கழற்றிப் போட்ட துணிகளை வாங்கி வந்து, அதிலிருந்த சீழைக் கழுவி எடுத்தார். 1869-ல் அந்த அணுக்களின் கருவிலிருந்து புரதம் அல்லாத, பாஸ்பரஸ் நிறைந்த ஒரு பொருளைப் பிரித்தெடுத்து நியூக்ளீன் என்று பெயரிட்டார். இன்று நாம் டிஎன்ஏ என்று சொல்வது அதைத்தான். அதன் இரட்டைச் சுருள் வடிவத்தை உலகம் அறிய 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது அந்த அறையும் அருங்காட்சியகம். சிறியது, வளைந்த கூரை, பருத்த சுவர். நான் கூட்டிக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் "இவ்வளவுதானா?" என்பார்கள். மீதிப் பேரை வெளியே கிளப்புவதுதான் கஷ்டம்.

சந்தைத் திடலில் என்ன பார்க்கலாம்?

முதலில் நகர மன்றக் கட்டடம். 1435-ல் கட்டத் தொடங்கியது. முகப்பில் உள்ள ஓவியங்களைப் பார்த்து அவ்வளவு பழசு என்று ஏமாற வேண்டாம். அவை பல்கலைக்கழகத்தின் 400-வது ஆண்டு விழாவுக்காக 1870-களில் வரைந்தவை. உண்மையிலேயே பழசு, மேலே இருக்கும் வானியல் கடிகாரம். 1511-ல் யோஹனஸ் ஸ்டோஃப்லர் என்ற பேராசிரியர் வடிவமைத்தது. நிலாவின் பிறை, சூரியன் நிற்கும் ராசி, கிரகணம் வரும் காலம் எல்லாம் அதில் தெரியும். கிரகணம் காட்டும் முள்ளில் ஒரு டிராகன் இருக்கிறது. நமக்கு ராகு கேது என்றால் சட்டென்று புரியும்.

இந்த ஸ்டோஃப்லர் 1499-ல் ஒரு பஞ்சாங்கம் போட்டார். 1524 பிப்ரவரியில் கிரகங்கள் மீன ராசியில் கூடுகின்றன, உலகெங்கும் பெரிய மாற்றம் வரும் என்று அதில் இருந்தது. மீனம் நீர் ராசியாயிற்றே, பிரளயம்தான் வரப்போகிறது என்று ஐரோப்பா முழுவதும் பீதி பரவியது. பிரளயம் வரவில்லை. கடிகாரம் நிற்கிறது.

திடலின் நடுவில் உள்ள நெப்டியூன் நீரூற்று 1617-ல் ஹைன்ரிஷ் ஷிக்ஹார்ட் வடிவமைத்தது. இப்போது இருக்கும் உலோகச் சிற்பங்கள் போருக்குப் பிறகு ஆயுத உலோகத்தை உருக்கி வார்த்தவை. திங்கள், புதன், வெள்ளிக்கிழமைகளில் காய்கறிச் சந்தை கூடும். ஒருமுறையாவது அந்த நாட்களில் போய்ப் பாருங்கள்.

'இங்கே கோதே வாந்தி எடுத்தார்' என்று பலகை இருக்கிறதாமே, நிஜமா?

பலகை நிஜம். 1797 செப்டம்பரில் ஜெர்மன் பெருங்கவிஞர் கோதே தன் பதிப்பாளர் கோட்டாவின் வீட்டில் சில நாள் தங்கினார். ஊரின் பெரிய கோவிலான செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்குப் பக்கத்தில், ம்யூன்ட்ஸ்காஸே தெருவில் இருக்கும் அந்த வீட்டில் 'இங்கே கோதே தங்கினார்' என்று முறையான கல்வெட்டு உண்டு. பெரியவர்கள் ஒரு ராத்திரி படுத்த வீட்டுக்கெல்லாம் கல்வெட்டு வைக்கும் வழக்கத்தைக் கிண்டல் செய்து, பக்கத்து மாணவர் விடுதியில் இந்த வாந்திப் பலகையை மாட்டிவிட்டார்கள். இப்போது கல்வெட்டைவிட அதைத்தான் அதிகம் பேர் படம் எடுக்கிறார்கள்.

அதே தெருவில் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் சிறையும் இருக்கிறது. மாணவர் தப்பு செய்தால் ஊர்க் காவலர் தொட முடியாது, பல்கலைக்கழகமே விசாரித்துச் சிறையில் போடும். 1515-லிருந்து இருந்த இந்த அறையின் சுவர் முழுக்கப் படங்களும் கிறுக்கல்களும். வழிகாட்டியோடு மட்டும்தான் போக முடியும், எல்லா நாளும் கிடையாது.

பெரிய கோவிலுக்குள் போகலாமா? கோபுரம் ஏறலாமா?

செயின்ட் ஜார்ஜ் கோவிலுக்குள் தாராளமாகப் போகலாம். வழிபாடு நடக்கும்போது மட்டும் சுற்றிப் பார்க்கக் கூடாது. 1470-ல் கட்டத் தொடங்கிய கோவில். உள்ளே இந்தப் பகுதியை ஆண்ட வுர்ட்டம்பர்க் பிரபுக்களின் கல்லறைகள் இருக்கின்றன, மேலே அவர்களின் உருவங்கள் படுத்திருக்கும். கோபுரம் திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

கிளம்பும் முன் வெளியே சுற்றி வந்து ஜன்னல்களை அண்ணாந்து பாருங்கள். ஒரு ஜன்னலின் கல் சட்டத்தில் சக்கரத்தில் கட்டப்பட்ட ஒரு மனிதன் தெரிவான். ஊரார் சொல்லும் கதை இது. இரண்டு தொழிலாளிகள் சேர்ந்து வெளியூர் போனார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்தான், மற்றவனின் கத்தி அவன் கையில் இருந்தது. கொன்றுவிட்டான் என்று தீர்ப்பு சொல்லிச் சக்கரத்தில் கட்டிக் கொன்றார்கள். கொஞ்ச நாள் கழித்துச் செத்தவன் என்று நினைத்தவன் நடந்தே ஊருக்கு வந்து சேர்ந்தான். ஆராய்ச்சியாளர்கள் அது சக்கரத்தில் வதைபட்ட செயின்ட் ஜார்ஜின் உருவம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. ஆனாலும் நான் வருகிறவர்களுக்கு முதலில் ஊர்க்கதையைத்தான் சொல்வேன்.

கெப்ளர், ஹெகல் எல்லாம் இங்கே படித்தார்களா?

ஆமாம், இருவருமே 1536-ல் தொடங்கிய இறையியல் மாணவர் விடுதியில். வானியல் அறிஞர் கெப்ளர் 1589-ல் சேர்ந்தார். சூரியனைப் பூமி சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் கருத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்த மெஸ்ட்லின் இந்த ஊர் ஆசிரியர். இருநூறு வருஷம் கழித்து தத்துவ அறிஞர்கள் ஹெகல், ஷெல்லிங், கவிஞர் ஹோல்டர்லின் மூவரும் இதே விடுதியில் ஒரே காலத்தில் இருந்தார்கள். சேரும்போது ஷெல்லிங்குக்கு வயது 15.

இப்போதும் அது விடுதிதான். முற்றத்தைத் தாண்டி உள்ளே நுழைய வேண்டாம், துணி காயப்போட்டிருப்பார்கள்.

குழந்தைகளுக்குப் பிடிக்கும்படி ஏதாவது?

நகர அருங்காட்சியகத்தில் ஷிக்கார்டின் கணக்கு இயந்திரத்தைக் காட்டுங்கள். வில்ஹெல்ம் ஷிக்கார்ட் இங்கே ஹீப்ரு மொழிப் பேராசிரியர். 1623-ல் ஆறு இலக்க எண்களைக் கூட்டவும் கழிக்கவும் செய்யும் இயந்திரம் செய்ததாகக் கெப்ளருக்குக் கடிதம் எழுதினார். பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் தன் கணக்கு இயந்திரத்தைச் செய்ததற்கு ஏறக்குறைய இருபது வருஷம் முந்தியது. கெப்ளருக்கு அனுப்பச் செய்துகொண்டிருந்தது தீயில் எரிந்துபோனது. 1635-ல் ஷிக்கார்டும் பிளேக்கில் போய்விட்டார். இருபதாம் நூற்றாண்டில் கிடைத்த வரைபடங்களை வைத்து 1960-ல் இந்த ஊர்ப் பேராசிரியர் ஒருவர் திரும்பச் செய்துகாட்டினார். வேலை செய்தது.

படகில் போகலாமா?

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. ஷ்டொகர்கான் என்று சொல்வார்கள். தட்டையான நீளப் படகு. பின்னால் ஒருவர் நின்று நீளக் கழியை ஆற்றுத் தரையில் ஊன்றித் தள்ளுவார். துடுப்பு கிடையாது. பார்க்கச் சுலபமாக இருக்கும். கழி சேற்றில் மாட்டிக்கொண்டால் விடுவதா பிடித்துக்கொள்வதா என்று முடிவெடுக்க அரை விநாடிதான். நான் பிடித்துக்கொண்டேன். படகு போய்விட்டது.

கார்பஸ் கிறிஸ்டி என்ற கிறிஸ்தவப் பண்டிகை வியாழக்கிழமையில், மே கடைசி அல்லது ஜூனில், மாணவர் சங்கங்களுக்குள் படகுப் பந்தயம் நடக்கும். 1956-லிருந்து நடக்கிறது. தோற்ற அணியில் ஆளுக்கு அரை லிட்டர் மீன் எண்ணெய் குடிக்க வேண்டும். கூட்டம் பந்தயத்தைவிட அதைப் பார்க்கத்தான் வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

இந்த ஊருக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டா?

மலையாளிகளுக்கு நேராக, நமக்குக் கொஞ்சம் சுற்றி. ஜெர்மன் மதபோதகர் ஹெர்மன் குண்டர்ட் இங்கே படித்து 1835-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் சென்னையில் வந்து இறங்கினார். தமிழ் கற்றார், திருநெல்வேலிப் பக்கம் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு தலச்சேரிக்குப் போய் இருபது வருஷம் தங்கி, மலையாள இலக்கணமும் 1872-ல் வெளிவந்த பெரிய மலையாள அகராதியும் எழுதினார். அவர் சேர்த்த கையெழுத்துப் பிரதிகள் இன்று ட்யூபிங்கன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

தலச்சேரியில் பிறந்த அவருடைய மகள் மரியின் பிள்ளைதான் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே. கோவில் பக்கத்தில் ஹெக்கன்ஹவர் என்ற புத்தகக் கடையில் 1895 முதல் 1899 வரை வேலை பார்த்தார். முதலில் தொழில் பழகுநர், பிறகு விற்பனை உதவியாளர். அந்த இடத்தில் இப்போது சிறிய ஹெஸ்ஸே கண்காட்சி இருக்கிறது.

ஊரின் இருண்ட பக்கம் எதுவும் சொல்ல மாட்டார்களா?

சொல்கிறார்கள், தேடிப் போக வேண்டும். பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய எபர்ஹார்ட் பிரபுவின் புகழ் ஊரெல்லாம் இருக்கிறது. பாலத்துக்கே அவர் பெயர்தான். அதே 1477-ல் யூதர்கள் ஊரில் இருக்கக் கூடாது என்று விதித்தவரும் அவரே. பல நூற்றாண்டு கழித்து யூதர்கள் திரும்பி வந்து 1882-ல் கார்ட்டன் தெருவில் கட்டிய ஜெப ஆலயம் 1938 நவம்பரில் எரிக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது நினைவுச் சின்னம். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஹோல்டர்லின் கல்லறையைத் தேடிப் போகிறவர்கள் பத்தாம் எண் பகுதிக்கும் போக வேண்டும். நாஜிகள் கொன்றவர்களின் உடல்கள் பல்கலைக்கழக உடற்கூறு வகுப்புக்குப் போய், பிறகு இங்கே புதைக்கப்பட்டன.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். கேஸ்ஷ்பேட்ஸ்லே கேளுங்கள். மாவைப் பிசைந்து கொதிநீரில் விட்டெடுத்து, பாலாடைக் கட்டியும் வறுத்த வெங்காயமும் சேர்த்தது, முட்டை இருக்கும். பருப்போடு வரும் ஷ்பேட்ஸ்லேவைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம், கூடவே சாஸேஜ் வரும். காபியைத் தூக்கியெறியும் கப்பில் வாங்கினால் விலை கூடும். 2022-லிருந்து இந்த ஊரில் அப்படிப்பட்ட கப்புக்கும் டப்பாவுக்கும் 50 சென்ட் வரி.

எந்த நாளில், எந்த மாதத்தில் வரலாம்?

மே முதல் செப்டம்பர் வரை எப்போதும் நல்லது. டிசம்பர் தொடக்கத்தில் சாக்லேட் திருவிழா, கூட்டம் நெரியும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், நடக்க அதுவே சுகம். கோட்டை அருங்காட்சியகம் திங்கள், செவ்வாய் திறக்காது. இதைப் பார்க்காமல் அப்பாவை ஒரு திங்கட்கிழமை அவ்வளவு ஏற்றம் ஏற்றினேன். இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

முட்டி வலி உள்ளவர்களை எப்படிக் கூட்டிப் போவது?

கோட்டையை விட்டுவிடுங்கள். பாலம், தீவு, அப்புறம் படகு. இவை சமதரை, தீவுக்குப் படியிறங்கும்போதும் படகில் ஏறும்போதும் மட்டும் கை கொடுக்க வேண்டும்.

இன்னொரு நாள் இருந்தால்?

வடக்கே பேருந்தில் கால் மணி தூரத்தில் பேபன்ஹவுஸன் மடம். 1180-களில் தொடங்கிய துறவி மடம், பிறகு அரச குடும்பத்தின் வேட்டை மாளிகை. வுர்ட்டம்பர்க்கின் கடைசி அரசர் 1921-ல் அங்கேதான் இறந்தார். கல் தாழ்வாரம் அவ்வளவு அமைதி.

அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. ஒரே ஒரு இடம் சொல்லுங்கள்.

சமையலறை. திங்கள் அல்லது செவ்வாய் என்றால் பாலத்தடியில் தீவுக்கு இறங்கி, மஞ்சள் கோபுரத்துக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்காருங்கள்.